பெட்டிக்குள் கேட்ட ஹாரன்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் இராமசாமி அவர்களுக்கு, ஈப்போ புந்தோங்கிலிருந்து உங்கள் தங்கை நவமணியின் புருஷன் கார்த்திகேசு கும்பிட்டு எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தம்பி ராஜு கண்ணை மூடிப் பதினோரு நாள்கூட ஆகாத வீட்டைப் பற்றி அப்படி எழுதினால் கை விளங்காது. ஆகவே நவமணிக்கு முட்டிவலி, எனக்கு மனசாட்சி வலி, லூமுட்டில் நீங்களும் அக்காவுமாவது சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் இருக்கக் கடுதாசி எதற்கு என்பீர்கள். போன தீபாவளிக்கு டாக்டருக்கு அனுப்பிய என் கால்புண் படம் குடும்பக் குரூப்பில் போய் விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது அதைவிட அசிங்கம்.

நானும் ராஜுவும் பழங்காலக் கார்களின் சின்ன உருவங்களைச் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். தாப்பாவிலிருந்து மலைக்கு முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் ரிட்டயராகி, கையகலக் காரைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெற்ற மகள் சும்மா இருப்பாளா? "எனக்கு வாங்கித் தராத பொம்மையெல்லாம் இப்ப நீங்களே வச்சு விளையாடுறீங்களாப்பா?" என்று தினேஸ்வரி கேட்பாள். அது பொம்மை இல்லை, நிஜக் காரை ஓர் இம்மி பிசகாமல் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது என்று விளக்க என் படிப்பு போதாது. ராஜுவிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது, ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி, கரும்பச்சை நிறம், மூடியைத் தூக்கினால் எஞ்சின், எஞ்சினில் தலைமுடி மாதிரி ஒயர், ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணி வைத்திருந்தாரே, அதே வண்டி. நம் அப்பாக்கள் அதைக் கழுவியிருக்கிறார்கள், உட்கார்ந்ததில்லை. ராஜு என்னை அதைத் தொடவே விட்டதில்லை. "மச்சான், கண்ணால பாருங்க, கையால பாக்காதீங்க லா" என்பான்.

சாவன்று ராஜு பெண்டாட்டி சாந்தினி அந்த மோரிஸைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் புருஷன் கைப்பக்கம் வைத்தாள். "அவருக்குப் பிடிச்சது, அவரோடயே போகட்டும்" என்றாள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் அதில் பாதி காருக்கு. மின்சுடலையில் அந்த எஞ்சினும் ஒயரும் உருகுவதை நினைக்க நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு சந்து தள்ளித்தானே வீடு, ஓடினேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எப்போதோ வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் காரை எடுத்துத் தோள்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்து வாய்க்கரிசி வரிசையில் நின்றேன். வலது கையால் அரிசி போட்டேன், இடது கையால் காரை மாற்றினேன். செத்தவன் வாயில் அரிசி போட்ட அதே மூச்சில் அவன் கையருகே திருடிய மாப்பிள்ளை இந்தப் பேராக் மாநிலம் முழுக்க நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பிளாஸ்டிக் காரின் கூரையை அழுத்தினால் ஹாரன் அடிக்கும் என்பது மட்டும் மறந்துபோனது.

மிச்சம் உங்களுக்கே தெரியும், முன்பக்கம் தூக்கியவர் நீங்கள். வாசற்படியில் பெட்டி சாய்ந்ததும் உள்ளேயிருந்து 'பீப் பீப்'. தேவாரம் பாடியவர் பாதி வரியில் நின்றார். நீங்கள் உங்கள் போன் என்று நினைத்துப் பாக்கெட்டில் கையை விட்டீர்கள், பெட்டி இன்னும் சாய்ந்தது, மறுபடி 'பீப் பீப்'. பின்னாலிருந்து யாரோ, "அது ரோட்ல லா! தூக்குங்க, தூக்குங்க!" என்று கத்தினார்களே, அந்த யாரோ நான்தான்.

இனி எழுதுவதுதான் உங்களுக்குத் தெரியாதது. ராஜு வேலை முடிந்து வந்தால் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் இரண்டு முறை ஹாரன் அடிப்பான், சாந்தினி வந்து திறப்பாள். இப்போது அவள் தினமும் சாயங்காலம் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரொட்டிக்காரன் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால்கூட எழுந்து ஓடுகிறாள். சர்க்கரைக்குப் போடும் இனிப்புநீர் மாத்திரையை ஒன்பது நாளாகத் தொடவில்லை. நேற்று நவமணி சண்டை போட்டதற்கு, "மாத்திர எதுக்கு அண்ணி? அவருதான் ஹாரன் அடிச்சிட்டாரே. பதினாறுக்குள்ள வந்து ஏத்திக்குவாரு. நான் ரெடி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், மச்சான். நவமணி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரத்தம் சோதித்த கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி, இப்படியே விட்டால் ஒரு வாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் ஒரு சாவு விதி. இரண்டாவது நடந்தால் அதற்குக் காரணம் நான்.

ஆகவே மூத்தவர் நீங்கள் உடனே வந்து, அது ராஜு இல்லை, கார்த்திகேசு வைத்த பொம்மை என்று அவளிடம் சொல்ல வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத பஸ்ஸையே நிறுத்தியவன் நான். அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லையென்றால் நவமணி சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த தங்கை புருஷன்
கார்த்திகேசு

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பியவன் போடாமலே திரும்பி வந்து எழுதுகிறேன். சாந்தினி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நவமணி கண்ணில் படக்கூடாதென்று மோரிஸையும் பையில் வைத்திருந்தேன். "அண்ணே" என்று கூப்பிட்டு அவளே கேட்டைத் திறந்தாள். காரை எடுத்து நீட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள், "அப்ப அவரு என்னைக் கூப்பிடலையா, அண்ணே?" என்று கேட்டாள். மச்சான், பெட்டி போன அன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை.

"கார மாத்துனது நெசம்தான் தங்கச்சி. ஆனா அந்தப் பொம்மையில பேட்டரியே இல்ல" என்றேன்.

"அப்ப அடிச்சது அவருதானா?"

"அவன்தான். ஆனா வர்றப்ப மட்டுமா அடிப்பான்? வேலைக்குப் போறப்ப?"

என் கையிலிருந்த காரை வாங்கிக்கொண்டாள். "போறப்பவும் அடிப்பாரு. கேட்டப் பூட்டிக்கோன்னு அடிப்பாரு" என்றாள். காரை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டினாள். அவள் உள்ளே போனதும் சந்தில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஆகவே மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். பொம்மையில் பேட்டரி இல்லை, யார் கேட்டாலும் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பதினாறாம் நாள் வரும்போது காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவள் வாசலில் மட்டும் ஹாரன் அடித்துவிடாதீர்கள்.