ஐந்தாம் பாட்டனும் அணைந்த திரையும்

அன்புள்ள மைத்துனன் மெயிர்பெக்குக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி முடியாது. முதலில் முறைப்படி கேட்கிறேன்: உன் வீட்டில் ஆட்களும் கால்நடைகளும் நலமா? நீ தராஸ் நகரத்தில் நாலாவது மாடியில் இருப்பவன், கால்நடை என்று ஒரு பூனைதான் உண்டு. அதுவும் நலமாக இருக்கட்டும்.

போன வாரம் இங்கே வந்தவன், நான் கேட்காமலே என் லேப்டாப்பின் விரிசல் விட்ட திரையைக் கழற்றிப் புதுத்திரை மாட்டினாய். எங்கள் சாப்பாட்டு மேசையில், உன் அக்கா மாவு பிசையும் இடத்தில். "கடையில குடுத்தா ஒரு மாசம் இழுப்பான் அத்தான்" என்றாய். நீ ரயிலேறி ஒரு நாள்கூட ஆகவில்லை, திரை இருண்டுவிட்டது. வெளிச்சம் கூட்டும் பொத்தானை அழுத்தினேன், அணைத்து அணைத்துப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. உனக்குப் போன் செய்தேன்.

"டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க அத்தான். எழுத்து தெரியுதா?"

"பேய் மாதிரி தெரியுது."

"அப்போ மெஷினுக்கு ஒண்ணுமில்ல. திரைக்குப் பின்னாடி இருக்கிற விளக்குதான் எரியல. டிவியில மாட்டுங்க, எல்லாம் தெரியும்."

"என் வீட்டு விவகாரத்தை டிவியில போட்டுப் பாக்கணுமா?" என்று வைத்துவிட்டேன்.

விவகாரம் என்ன என்று உனக்கே தெரியும். இந்த ஞாயிறு மாப்பிள்ளை இல்யாஸின் தாய் வந்து என் மகள் ஆயிமுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்யப்போகிறாள். ஏழு தலைமுறைக்குள் இரு வீட்டுக்கும் ஒரே பாட்டன் இருந்தால் பிள்ளைகள் பங்காளிகள், கல்யாணப் பேச்சே கிடையாது. என் அப்பா சாகுமுன் சொன்ன பெயர்களும் சம்பந்தி சொன்ன பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில், இன்னும் ஒப்பிட்டுப் பார்க்காமல், அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. ஏழு பாட்டன் பெயரை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத கசாக்கியன் உண்டா என்று கேட்பாய். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தலையிலிருந்து இறக்கிவிட்டேன், நாலுக்கு மேல் வராது. ஊரெல்லாம் பன்னிரண்டு தெரியும் என்று சொல்லிவிட்டு, சம்பந்தியிடம் மறுபடி எந்த முகத்தோடு கேட்பது? பட்டப்பகலில் கம்பளிக்குள் தலையை நுழைத்து, உன் அக்கா டார்ச் பிடிக்க, உள்ளங்கை அகல வெளிச்சத்தில் பெயர் பெயராகப் படித்தேன். எங்கள் ஐந்தாம் பாட்டன் கோஷ்கார்பாய். அவர்கள் வரிசையில் நாலுவரை வேறு வேறு பெயர்கள். ஐந்தாவது, கோஷ்கார்பாய்.

"டார்ச்சை ஆட்டாதே."

"நான் ஆட்டல, நீங்கதான் மேசையோட சேர்ந்து நடுங்குறீங்க."

ஆயிம் இரண்டு நாளாக வெறும் தேநீர் குடிக்கிறாள். சம்பந்தியிடம் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். "விருந்துக்குக் குதிரையை அறுத்தாச்சே சம்பந்தி, திரும்ப எழுப்பி நிக்க வைக்கவா?" என்று போனை வைத்துவிட்டார்.

என் ஒரே மகள் வாழ்க்கை இப்படி ஆனதற்கு யார் காரணம்? பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் திரையின் கேபிளைத் தொட்டால் விளக்குக்குப் போகும் அரிசி அளவு ஃபியூஸ் எரிந்துவிடும் என்று அறியாதவன் ஸ்குரூ டிரைவரைத் தொடலாமா? உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து வீட்டு விருந்தில் மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, தொப்பி வைத்திருந்தாய் என்று மூத்த விருந்தாளிக்கு வைக்கவேண்டிய ஆட்டுத்தலையை உன் முன்னால் வைத்தார்களே, நீயும் வெட்கமில்லாமல் காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். ஏழு வருஷமாச்சு. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்பவன் இல்லை.

உன் மனைவிக்கும் பூனைக்கும் என் ஸலாம். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும், கூடவே கொஞ்சம் அடக்கமும் தரட்டும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஆயிம் யாரையும் கேட்காமல் லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டாள். இரண்டு வரிசையும் பளிச்சென்று தெரிந்தன. அவர்களுடைய ஐந்தாம் பாட்டன் சாரிபாய் என்று வேறொருவர். நாலாவதுக்குப் பிறகு டார்ச் வெளிச்சம் எங்கள் வரிசைக்கு நழுவியிருக்கிறது. ஏழு தலைமுறையிலும் பொதுவான பாட்டன் இல்லை. உன் அக்கா சம்பந்தி வீட்டில் பேசிவிட்டாள், ஞாயிறு வருகிறார்கள். ஆயிம் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு என்னைக் கேட்டாள்: "மாமா ஊருக்குப் போனதும் இதைத் திறந்தீங்களே அப்பா, பேட்டரியைக் கழட்டினீங்களா?"

நீ கேபிளைச் சரியாகச் செருகினாயா என்று பார்க்கத்தான் திறந்தேன். பேட்டரியைக் கழற்றவில்லை. நீ கழற்றியதைப் பார்த்தவனும் நான்தான்.

ஞாயிறு கருவிப் பெட்டியோடு வரும்படி உன் அக்கா போனில் சொல்வாள். கடிதத்தைக் கிழித்திருப்பேன். ஆனால் ஆட்டுத்தலை விஷயத்தில் இப்போதும் நான் சொல்வதே சரி. ஆகவே கிழிக்காமல், கையெழுத்தும் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.