இன்னும் ஒரு தாள்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு, ஒரு குவளையைக் குடித்து, இன்னொன்றைத் தொட்டியில் ஊற்றினான். அளவு இன்னும் கைக்கு வரவில்லை. பிறகு கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினான். ஐந்து மாதத்தில் இது ஒன்பதாவது முறை.

வம்பு படுக்கை விரிப்பில் ஆரம்பித்தது. விடுதிகளின் விரிப்புகளை எடுத்துவந்து துவைத்துக் கொடுப்பது அவன் மனைவி தொடங்கிய தொழில். அவள் போன பிறகும் அவன் அதை விடவில்லை. அவள் இறந்த மறுமாதம், சாலையில் ஓர் அதிகாரி வண்டியை மறித்தார்.

"சொந்த உபயோகம்னு பதிவாகியிருக்கு. உள்ளே என்ன?"

"படுக்கை விரிப்பு சார். நாற்பது."

"யாரோடது?"

அவனுக்குப் பொய் பழக்கமில்லை. இருந்தும் வாய் முந்திக்கொண்டது. "எங்க வீட்டோடது."

"வீட்ல எத்தனை பேரு?"

இரண்டு விரல் நீட்டி, ஒன்றை மடக்கினான். "ஒருத்தன்."

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். அபராதம் எழுதவில்லை. "வணிக வண்டியா மாத்துங்க. அதுவரைக்கும் இதுல மூட்டை ஏத்தக் கூடாது."

இதைத்தான் அவளும் இரண்டு வருடமாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் "நாளைக்கு" என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், "நாளைக்காவது வண்டிப் பதிவை மாத்துவீங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றான். அந்த நேரம் பார்த்து, ஆம்புலன்ஸ் வழியில் யார் வண்டி என்று கீழே காவலாளி கத்தினார். அவள் தம்பியைக் கட்டிலருகே விட்டு, இறங்கிப் போய் ஓரமாக நிறுத்திவிட்டுப் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் கடைசியாகக் கேட்டது ஒரு கேள்வி. அவன் கடைசியாகச் சொன்னது ஒரு சாக்கு.

இதையாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

நல்லவேளை, மச்சான் இருந்தான். அவளுடைய தம்பி. பதிவு அலுவலக வாசலில் மடக்கு மேசை போட்டுப் பன்னிரண்டு வருடமாக மனு எழுதுகிறவன்.

"கவலையை விடுங்க மாமா. காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க. நான் இருக்கேன்ல."

முதல் முறை, வண்டியில் பின் இருக்கை இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். "அடடா, சொல்ல மறந்துட்டேன் மாமா" என்றான் மச்சான். அவன் அதைக் கழற்றினான். இருக்கை போனதும் எடை மாறியது. மறுபடி எடை போட்டான். "அடடா, அந்த எடையைக் கதவுல எழுதணும் மாமா." வர்ணக்காரரிடம் போனான். அவர் எடையை எழுதும் சாக்கில் வெள்ளை வண்டியை முழுக்க நீலமாக்கிக் கொடுத்தார்.

"யாருய்யா அடிக்கச் சொன்னது? பதிவுல வெள்ளைன்னுல்ல இருக்கு!"

"சும்மாதாங்க அடிச்சேன். அந்தம்மாவுக்கு நீலம்தானே பிடிக்கும்? கடைப் பலகைக்கே நீலம்தான் கேட்டாங்க. நீங்கதான் சிவப்புன்னு நின்னீங்க."

அவனுக்கு நினைவில்லை. நீலத்தை அப்படியே விட்டுவிட்டு, நிறமாற்றத்துக்குத் தனி மனு போட்டான்.

அதற்கு அனுமதி வந்தது. அடுத்து வணிகக் காப்பீடு எங்கே என்றார்கள். காப்பீட்டுக்காரரோ, முதலில் வணிகப் பதிவைக் காட்டு என்றார். இரண்டு வாசலுக்கும் நடுவே பத்து நாள் பந்தாக உருண்ட பிறகே மச்சான் எங்கிருந்தோ ஓர் இடைக்காலச் சீட்டு வாங்கிவந்தான். இத்தனை நாளும் விடுதி மூட்டைகளை அவன் தோளில்தான் சுமந்தான். தெருக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள்: "என்னப்பா, இன்னைக்கு எந்தத் தாள் குறையுது?" அலைந்த அலைச்சலில் படுத்ததும் தூக்கம் வந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் மச்சான் மேசையை மடக்கினான். "வாங்க மாமா, முதல்ல சாப்பிடுவோம். அப்புறம் யோசிப்போம்."

ஒன்பதாவது முறை, ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் அம்மாள் கோப்பைப் புரட்டி, முத்திரை குத்தி நீட்டினார்.

"முடிஞ்சுது. எடுத்துட்டுப் போங்க."

அவன் நகரவில்லை. "இன்னும் ஒரு தாள்..."

"ஒண்ணும் வேணாம். எனக்குத்தான் ஒண்ணு புரியலை தம்பி. மொத்தம் என்னென்ன வேணும்னு உங்க மச்சான்கிட்ட முதல் நாளே எழுதிக் கொடுத்தேனே? காப்பீட்டுக்குக்கூட இடைக்காலச் சீட்டு இங்கேயே தருவோம். ஒரே வாரத்து வேலை இது."

வாசலுக்கு வந்தான்.

"பட்டியல் எங்கடா?"

மச்சான் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"அஞ்சு மாசம்! என்னை நாயா அலைய விட்டியேடா!"

"நான் என்ன மாமா பண்றது? அக்கா சொன்னதைச் செஞ்சேன்."

"உங்கக்கா கடைசியா என்கிட்டதான்டா பேசினா. வண்டிப் பதிவை மாத்தச் சொல்லி."

"அது நீங்க கீழே இறங்குறதுக்கு முன்னாடி." மச்சான் மேசையைப் பார்த்தபடி பேசினான். "நீங்க போனதும் என் கையைப் பிடிச்சா. 'டேய், இவரைத் தனியா உட்கார விட்டா எந்திரிக்கவே மாட்டாருடா. வண்டி வேலை உன்கிட்டதானே வரும்? எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிடாதே. ஒவ்வொரு தாளாக் கேளு.'"