பட்டி கட்டினால் பேசக்கூடாது

காலை ஆறு மணி இருபது நிமிடம். இரத்த அழுத்த மெசினில் 148க்கு 92. காரணம், சந்தியோகு.

சந்தியோகு என் மனைவி யசிந்தாவின் தம்பி. தோட்டவெளிக் கிராமத்தில் இருக்கிறார். கோயில் பாண்டில் ட்றம்பெற் ஊதுகிறார். தன் வீட்டுக்குக் கூரை மாற்றும்வரை ஒரு மாதம் எங்கள் முன்னறையில் வந்து தங்க ஆசைப்பட்டார். பென்சன் எடுத்த நாள்முதல் நான் கதிரை போட்டு உறங்கும் அறை அது. உயிரே போனாலும் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். யசிந்தாவோ விடியமுன் தம்பிக்காக நச்சரிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஆயுதம் கிளினிக்கில் கிடைத்தது. பிறசரை வீட்டில் எப்படி அளப்பது என்று நேர்ஸ் நிஸ்லா முந்தின நாள்தான் பழக்கியிருந்தார். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சளவு உயரத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். பிறகு மேற்கையில் மெசினின் பட்டியைக் கட்டி அளக்கவேண்டும். பேசக்கூடாது. காலையும் மாலையும் கொப்பியில் எழுதவேண்டும்.

பேசக்கூடாது என்ற விதியை மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் திருத்திவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, தம்பியின்ரை விசயம்..."

"உஷ்! பிறசர் அளக்கேக்க வீட்டிலை ஒருத்தரும் கதைக்கப்படாது."

"ஒருத்தருமோ?"

"ஓம். கழுதை கத்தினாலே பத்துக் கூடுமாம்."

நாளுக்கு இரண்டு முறை ஒன்பது முறையானது. அவள் வாயைத் திறந்தால் நான் பட்டியைக் கட்டினேன். நாலு நாள் வீடு பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி அடங்கிக் கிடந்தது.

ஐந்தாம் நாள் யசிந்தா கிளினிக் போய் வந்தாள். நான் பட்டியைக் கட்டினேன். அவள் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"நிஸ்லா மிசியைக் கண்டனான். வாய் மூடவேண்டியது பட்டி கட்டின ஆளாம்."

மெசின் உர்ரென்று காற்றடித்தது.

"தம்பி வரட்டோ? வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

சொன்னால் எண் ஏறும். எண் ஏறினால் மருந்துக் குளிசை கூடும், சாப்பாட்டில் கருவாடு நிற்கும். பல்லைக் கடித்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அத்தானுக்கு முன்னாலைதான் இருக்கிறன். ஒரு சொல்லு மறுத்துச் சொல்லேல்லை."

"அத்தான் தங்கம், அக்கா!"

171க்கு 99. வாயைத் திறந்தேன்.

"பொறுங்கோ! ஒருக்கா அளந்ததை நம்பப்படாதாம். ஒரு நிமிசம் விட்டுத் திருப்பியும் அளக்கவேணும். அதுவரைக்கும் மூச்சுக் காட்டக்கூடாது."

இரண்டாம் முறை காற்றேறி இறங்குவதற்குள் சந்தியோகுவின் ஒரு மாதம் மூன்று மாதமானது. சாப்பாடும் எங்களோடுதான் என்று முடிவானது. எனக்கு விறாந்தை ஒதுக்கப்பட்டது.

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, சந்தியோகு முன்னறைக்குக் குடிவந்தார். அவருடைய பிறசர் 118க்கு 76.