எண்பத்திரண்டு கிலோவுக்குள் ஒரு தீபாவளி

எங்கள் அப்பா வாயைத் திறப்பது இரண்டே காரியத்துக்கு. ஒன்று சாப்பிட. இன்னொன்று சபதம் போட. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் திறந்தது போன தீபாவளிக்குத்தான்.

அப்பா பெயர் பரசுராமன். தேரடி வீதியில் பாத்திரக்கடை. கல்யாணத்துக்கு அண்டா வாங்க வருகிறவர்கள் முதலில் அப்பாவைப் பார்ப்பார்கள், அப்புறம் அண்டாவைப் பார்ப்பார்கள். "இதைவிடக் கொஞ்சம் சின்னதா இருந்தா போதும்" என்பார்கள். எதைவிட என்று அப்பா கேட்டதில்லை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் டாக்டர் அவரை எடை மிஷின் மேல் நிற்க வைத்தார். எண்பத்திரண்டு.  கையில் பட்டையைக் கட்டிப் புஸ் புஸ் என்று அமுக்கினார்.  அப்புறம் பேசினார். டாக்டர் குரலைக் கிணற்றுக்குள் தலையை விட்டுப் படிக்கவும்.

"பரசுராமன். பிரஷர் ஜாஸ்தி. எண்பத்திரண்டுக்கு மேல ஏறுச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பின்னே யாரைக் கேட்பது என்று அவர் சொல்லவில்லை.  அப்பா அதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தால், "இந்த வருஷம் உங்களுக்குப் பலகாரம் கிடையாது" என்று அம்மா வாசலிலேயே தீர்ப்புச் சொன்னாள்.

அப்பா நடுக்கூடத்தில் நின்று துண்டை உதறினார்.

"சரோஜா! தீபாவளி கொண்டாடுவேன். பலகாரம் தின்பேன். ஆனா ஒரு கிராம் ஏற மாட்டேன். இது சத்தியம்!"

"எப்படிங்க?"

"அது என் சாமர்த்தியம்."

"உங்க சாமர்த்தியம்தான் பெல்ட்டுக்கு மேல தொங்குதே."

"பந்தயமே கட்டறேன், வா!"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இது அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

"சரி. தீபாவளி நோன்பு கழிச்சுப் பத்தாம் நாள், ரயில்வே ஸ்டேஷன் மிஷின்ல காசு போட்டு எடை டிக்கெட் எடுத்தாந்து காட்டுங்க. எண்பத்திரண்டோ அதுக்குக் கம்மியோ இருந்தா, கார்த்திகை தீபத்தன்னைக்கு உங்க இலையில இல்லாத ஐட்டமே கிடையாது. ஒரு கிலோ ஏறியிருந்தாலும் அன்னைக்கு உங்களுக்கு உப்பில்லாத கஞ்சி. எங்க அண்ணன் குடும்பம் எதிர்ல உக்காந்து அப்பம் திங்கும்."

"அதுக்கு எதுக்கு ஸ்டேஷன் வரைக்கும்? நம்ம கடையிலேயே தராசு இருக்குதே."

"உங்க கடைத் தராசைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அப்பா பேச்சை மாற்றினார்.

தீபத்து விருந்து என்றால் அப்பாவுக்கு உயிர். கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மாவின் அண்ணன் முருகையன் மாமா வெல்லமும் வேர்க்கடலையும் கொண்டுவருவார். அடை, அப்பம், வடை, பொரி உருண்டை என்று வீடே மணக்கும். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே இரண்டு கையால் கும்பிடும். அப்பா ஒரு கையால் கும்பிடுவார். இன்னொரு கையில் வடை இருக்கும். அப்பேர்ப்பட்ட விருந்தைத்தான் பந்தயத்தில் வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டில் நோன்பு. நோன்புக்கு ஒரு பேருக்கு இருபத்தோரு அதிரசம் படைக்க வேண்டும். வழக்கமாக அம்மா பேரில் ஒரு தட்டு. அன்று அப்பா குளித்து, விபூதி பூசி, சிவப்பழமாக வந்து நின்றார்.

"சரோ, இந்த வருஷம் என் பேர்லயும் ஒரு தட்டு வையி."

"இன்னா திடீர்னு?"

"குடும்பத்துக்கு நல்லதுடி."

ஆக நாற்பத்திரண்டு அதிரசம். இதில் ஒரு சட்டம் இருக்கிறது. நோன்பு அதிரசத்தை வெளி ஆளுக்குத் தரக் கூடாது. வீணாக்கவும் கூடாது. வீட்டு ஆள்தான் தின்று தீர்க்க வேண்டும். அம்மா மூன்று தின்றாள். நான் ஏழு. மீதி முப்பத்திரண்டுக்கு அப்பா தியாகியானார்.

"ஏங்க, எண்ணிக்கை இருக்கட்டும்."

"பிரசாதத்துக்கு ஏதுடி எடை? அதுவுமில்லாம, நீதான் ரெண்டு கரண்டி வெச்சு அமுக்கி எண்ணெயெல்லாம் பிழிஞ்சிட்டியே. எண்ணெய் போச்சுன்னா கொழுப்பு போச்சு. பேரைப் பாரு, அதி-ரசம். ரசம் குடிச்சு எவனாவது குண்டாயிருக்கானா?"

பேச்சு தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் நாளே வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட்டார். ஐந்தாம் நாள் இன்னோர் ஓட்டை. அதற்குப் பிறகு ஓட்டை இல்லை. ஆணியைக் காய்ச்சி அவரே ஒன்று போட்டார்.

"பாஞ்சாலை, இங்க வா. அப்பாவைப் பக்கவாட்டுல பாரு. மெலிஞ்ச மாதிரி இல்ல?"

"பக்கம் எங்கப்பா முடியுதுன்னே தெரியலையே."

"போடி அப்பால!"

பயத்தில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அதிரசம் ஒன்றுக்கு வீட்டை ஒரு சுற்று நடப்பது. நல்ல வைத்தியம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றும் அடுப்பங்கரை வழியாக வந்தது.

பத்தாம் நாள் வந்தது. ஸ்டேஷனுக்கு என்னையும் அழைத்துப் போனார், துணைக்கு. பிளாட்பாரத்தில் அந்த மிஷின் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணடித்துக்கொண்டு நின்றது. அப்பா ஏறினார். சக்கரம் சுற்றியது. அப்பா கண்ணை மூடி அருணாசலேஸ்வரரைக் கூப்பிட்டார். 'டொக்' என்று டிக்கெட் விழுந்தது.

எண்பத்தாறு.

"மிஷின் ரிப்பேர்" என்றார் அப்பா.

செருப்பைக் கழற்றினார். வாட்ச், மூக்குக்கண்ணாடி, பெல்ட், துண்டு எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார். எண்பத்தாறு. மூச்சை உள்ளே இழுத்து இன்னொரு முறை. எண்பத்தாறு. என்னை ஏற்றினார். நாற்பத்தொன்று, சரியாக. மிஷின் ரிப்பேர் இல்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.  "கஞ்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உப்பில்லாத கஞ்சி" என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் மாமா வந்தார். விழுப்புரம் வண்டிக்கு யாரையோ ஏற்றிவிட வந்தவர். நெட்டை ஆள், தொப்பை கிடையாது. அப்பா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பாத்திரக்காரர் பார்வை. பார்த்தவுடனே எடை தெரிந்துவிடும்.

"கோதண்டம், ஒரு உதவி பண்ணுப்பா. இதும்மேல ஏறு."

"எதுக்கு பரசு?"

"காசு என்னுது. நீ சும்மா ஏறு."

எழுபத்தெட்டு. அப்பா டிக்கெட்டைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டார். என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணும் பாக்கல."

"பாக்கலப்பா."

"அம்மா கேட்டா?"

நான் அப்பா குரலிலேயே சொன்னேன்: "அப்பாதாம்மா ஏறினாரு. இது சத்தியம்!"

"இது போதும்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து டிக்கெட்டை நீட்டினார். அம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்பா மீசையைத் தடவினார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எழுபத்தெட்டா? ஐயோ, நாலு கிலோ குறைஞ்சிட்டீங்களா!"

"அதான் சொன்னேனே, சாமர்த்தியம்."

"இன்னாங்க சாமர்த்தியம்? முப்பத்திரண்டு அதிரசம் தின்ன மனுஷனுக்கு நாலு கிலோ எப்படிங்க குறையும்? இது சர்க்கரை வியாதி! திங்கத் திங்க இளைக்குமாம்!"

அப்பாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டுக் கோதண்டராமன் மாமாவின் சம்சாரம் ராணியம்மாள் ஓடி வந்தாள். இவள் குரலை மூக்கால் படிக்கவும்.

"ஆமா சரோஜாக்கா, எங்க மாமனாருக்கும் இப்படித்தான். நல்லாத்தான் இருந்தாரு. லட்டு தின்னாரு, இளைச்சாரு. லட்டு தின்னாரு, இளைச்சாரு. கடைசியில கால் கட்டைவிரல எடுத்துட்டாங்க."

அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்று அம்மா எழுந்தாள்.

டாக்டர் என்றால் எடை மிஷின். மிஷின் என்றால் எண்பத்தாறு. அப்பா அலறினார்: "டாக்டர் வேணாம்! டாக்டர்னாலே எனக்குப் பிரஷர் ஏறும்!"

"அப்ப கைவைத்தியம் பண்றேன். தடுக்கக் கூடாது."

"தடுக்க மாட்டேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலே.

மறுநாள் காலை அப்பா கடைக்குப் போனதும் கோதண்டராமன் மாமா பின்வாசலில் வந்து நின்றார்.

"சரோஜாம்மா, பரசு இல்லையா? ஒரு சின்ன விஷயம். நேத்து என் எடை டிக்கெட்டை அவன் வெச்சுக்கினு போய்ட்டான்."

"உங்க டிக்கெட்டா அண்ணே?"

"ஆமாம்மா, நான்தான ஏறினேன்? எடை எனக்கு வேணாம். பின்னால பலன் போட்டிருக்கும் பாரு, புதுமனை யோகம் உண்டுன்னு லேசா கண்ணுல பட்டுச்சு. வேங்கிக்கால்ல ஒரு மனை பாத்துக்கினு இருக்கறேன். என் யோகம் உங்க வீட்டுல இருந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா சாமி மாடத்திலிருந்து டிக்கெட்டை எடுத்தாள். எடையை ஒரு தடவை பார்த்தாள். பலனை ஒரு தடவை பார்த்தாள். "எடுத்துக்கினு போங்கண்ணே. நான் குடுத்தேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க. மனை வாங்கினா எங்களையும் கூப்பிடுங்க" என்று சிரித்த முகமாக அனுப்பினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்பாதாம்மா ஏறினாரு, சத்தியம்" என்று ஆரம்பித்தேன். அம்மா பார்வையில் பாதியிலேயே குரல் மாறிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா திட்டவில்லை. கையைத் துடைத்தாள். டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் ஒரு பிடி சர்க்கரை போட்டாள்.

"இதைத் திங்காத. கொல்லைப்புறம், அப்பா ஒதுங்கற எடத்துல தூவிட்டு வா."

சாயங்காலம் கொல்லையிலிருந்து ஓர் அலறல்.

"சரோஜா! எறும்பு!"

"எங்கங்க?"

"நான்... போன எடத்துல!"

அம்மா ஓடிப்போய்ப் பார்த்து முந்தானையை வாயில் வைத்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று அப்பா நினைத்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. நானும் பாவாடையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்றோடு அப்பா தானே தன் பொய்யை நம்பிவிட்டார். டிக்கெட் பொய்தான், ஆனால் எறும்பு பொய் சொல்லுமா? டாக்டரிடம் போகவும் பயம். போகாமல் இருக்கவும் பயம். காலையில் எழுந்ததும் கட்டைவிரல் இரண்டும் இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பாகு போய்ப் பாகல் வந்தது. விடியற்காலை பாகற்காய்ச் சாறு ஒரு டம்ளர். வெந்தயம் ஒரு பிடி. மத்தியானம் கேழ்வரகுக் களி. சாயங்காலம் கிரிவலப் பாதையில் பாதி தூரம் நடை. அம்மாவும் கூடவே நடந்தாள், சுண்டல் தின்றுகொண்டே.

"ஒரு அரை முறுக்கு, சரோ?"

"கட்டைவிரல் வேணுமா, முறுக்கு வேணுமா?"

அந்த வருஷம் தீபாவளிக்கும் தீபத்துக்கும் நடுவே ஒன்றரை மாதம். பச்சை பெல்ட் ஓட்டை ஓட்டையாகத் திரும்பி வந்தது. அப்பா போட்ட ஓட்டை, அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. ஒவ்வோர் ஓட்டைக்கும் அப்பா, "வியாதி முத்துதுடா சாமி" என்று கண் கலங்கினார்.

தீபத்தன்று காலை. ஊர் முழுக்க ஜனம். வீடு முழுக்க மாமா குடும்பம். அடுப்பில் அப்பம். அப்பா மூக்கு துடித்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. நழுவிய வேட்டியைப் பிடித்தபோதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாஞ்சாலை, வா!"

ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. மிஷினுக்கு முன்னால் வரிசை. ஒரு மணி நேரம் நின்று, கூட்டத்தைப் பிளந்து அப்பா ஏறினார். 'டொக்.'

எண்பத்தொன்று! பின்னால் பலன் வேறு: 'நீண்ட நாள் ஆசை இன்றே நிறைவேறும்.'

அப்பா தெருவெல்லாம் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கூட்டத்தில் இரண்டு பேர் அரோகரா போட்டார்கள்.

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. மற்ற எல்லா இலையிலும் அப்பம், அடை, வடை. ஓரத்து இலை மட்டும் காலி; அதன் பக்கத்தில், வியாதிக்கார அப்பாவுக்கென்று ஒரு கஞ்சிக் குண்டான்.

"சரோஜா! நிறுத்து! எனக்கு வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல! அன்னைக்கு ஏறினது நானே இல்லடி, கோதண்டம்! இப்ப ஏறினதுதான் நான். பாரு, எண்பத்தொண்ணு! பந்தயத்துல நான் ஜெயிச்சிட்டேன்! போடு அப்பத்தை!"

முருகையன் மாமா வடையோடு நிமிர்ந்தார்.  அம்மா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஏறினது கோதண்டம் அண்ணனா?"

"ஆமா ஆமா."

"இன்னைக்கு யாரு?"

"நான்! நான்தான்டி! சத்தியமா நான்! இவளைக் கேளு, பக்கத்துலதான் நின்னா! சொல்லும்மா, சொல்லு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவம், அப்பா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி, என் சொந்தக் குரலிலேயே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

அம்மா அதில் ஒரு பொரி உருண்டையை வைத்தாள்.