செக்கிங் எடுத்துக்கொடுத்த செம்புக் குவளை

"ஏங்க, எழுபது வயசு ஆம்பளைக்கு, கையால தட்டிச் செஞ்ச செம்புச் சாமானோ பித்தளைச் சாமானோ கொடுக்கணும்னா எது நல்லாருக்கும்?"

கேட்டது மனைவி. செக்கிங்குக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. மீதிப் பாதி நுரையோடு அப்படியே நின்றது.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி பெட்டியாகத் திறந்து சரிபார்த்தவர். தெருவே அவரைச் செக்கிங் என்றுதான் கூப்பிடும். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் சோபாவோ, குளிர்பெட்டியோ, ஏன், அவருடைய சட்டையோ வாங்கும்போதுகூட அவள் அவரைக் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் கேட்கிறாள்?

"யாருக்கு?"

"தெரிஞ்சவருக்கு."

"எனக்கா?"

"உங்களுக்கு அறுபத்தெட்டுதானே."

"உங்க அண்ணனுக்கா?"

"அண்ணனுக்குன்னா உங்களைப் போய்க் கேப்பேனா?"

அதுவும் நியாயம்தான். மச்சானோடு பேச்சு நின்று பதினோரு வருஷம் நாலு மாசம். செக்கிங் தன் கையால் சுவரில் மாட்டிய அலமாரி அரை அங்குலம் சாய்ந்திருக்கிறதென்று, மச்சான் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "உயிர் போனாலும் இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று செக்கிங் சபதம் போட்டார். மச்சான் அப்புறம் வேறு வீடு மாறினார். எந்தப் பக்கம் என்றுகூட இவர் கேட்கவில்லை. தன் வீட்டில் அவர் சொல்லி நிலைத்து நின்றது அந்தச் சபதம் ஒன்றுதான். அதை விட்டால் அவரிடம் வேறு சொத்து இல்லை.

அண்ணன் இல்லையென்றால் யார்? எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியாராகத்தான் இருக்கும். தினமும் காலையில் இவளுக்கு ஒரு வணக்கம் வைக்கிறார். எழுபது வயதில் முப்பத்திரண்டு பல்லும் சொந்தம். அதுவே சந்தேகத்துக்கு இடமான விஷயம்.

"நானும் கடைக்கு வரேன்" என்றார் செக்கிங்.

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"பரவாயில்ல."

பட்டறையில், செம்பு பித்தளை தட்டும் கன்னார் ஆறு குவளைகளை வரிசையாக வைத்தார். "அம்மா போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனாங்க. வேலைப்பாடு நல்லா இருக்கணும்னாங்க."

போன வாரமே! செக்கிங் மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஐந்து குவளைகள் மெல்லியவை, சுத்தியல் தடம் மீன் செதில்போல ஒழுங்காக விழுந்தவை. ஆறாவது அம்மிக்கல் மாதிரி இருந்தது. அடி தடிமன், வயிறு கோணல், விளிம்பில் சுத்தியல் பதினேழு இடத்தில் தடுமாறியிருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்தார்.

"இதான்."

"அது கத்துக்கிட்ட புதுசுல தட்டினதுங்க. விக்கறதுக்கில்ல" என்றார் கன்னார்.

"அப்போ இதேதான்."

வாத்தியார் ஒரு வாய் குடிப்பதற்குள் மணிக்கட்டு கழன்றுவிட வேண்டும். மனைவி குவளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். இந்த வார்த்தையையும் அவர் நாற்பத்தோரு வருஷத்தில் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு பையை எடுத்தாள்.

"நீங்க வர வேண்டாம். பஸ்ல கூட்டமா இருக்கும்."

"எதிர்வீட்டுக்கு எதுக்கு பஸ்?"

"எதிர்வீடுன்னு யார் சொன்னா?"

வெளியே வந்தால் பாட்டு வாத்தியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "வணக்கம்மா, எங்க கிளம்பிட்டீங்க?" என்கிறார். ஆக, இவர் இல்லை. அப்படியென்றால் இன்னொருத்தர் இருக்கிறார். செக்கிங்கின் சந்தேகம் ஒன்றிலிருந்து இரண்டானது.

"நான் வந்தே தீருவேன்" என்று பையைப் பிடுங்கித் தானே தோளில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு பஸ். மூன்று மாடி, ஐம்பத்துநாலு படி. மூச்சு வாங்க நின்றார். அழைப்பு மணியை அவரேதான் அழுத்தினார், கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில். கதவு திறந்ததும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எதிரே மச்சான்.

முடி முழுக்கப் போயிருந்தது. கதவைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை..." என்றார்.

மனைவி பையிலிருந்து குவளையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். தண்ணீரும் ஊற்றினாள். மச்சான் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். குவளை ஆடவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இப்பல்லாம் எதை எடுத்தாலும் கை ஆடி சிந்திடுது" என்றார் மச்சான். "இது கனமா, கைக்குள்ள நிக்குது. யார் பார்த்து எடுத்தது?"

செக்கிங் வாயைத் திறந்தார். வேறொருத்தருக்கென்று நினைத்ததைச் சொல்லலாம். அப்புறம் எந்த வேறொருத்தர் என்றும் சொல்ல வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டார்.

"இவர்தாண்ணா" என்றாள் மனைவி. "அழகா அஞ்சு இருந்துது. அதையெல்லாம் விட்டுட்டு, விக்க மாட்டேன்னு சொன்னதைப் பிடிவாதமா வாங்கினார். இன்னிக்கும் வர வேண்டாம்னுதான் சொன்னேன். பையைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டார்."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செக்கிங் அவள் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை.