பூநாரைகளுக்கு நடுவே ஓர் ஆண் குரல்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாமல் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும். பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் நான் அதற்குச் சாட்சி. குடிக்கவும் குளிக்கவும் தவிர நான் தண்ணீரை நெருங்குவதில்லை. (குளிப்பதும் பக்கெட்டில் இருந்தால்தான்.)

என் மகள் ரேவதி இதில் அம்மா கஸ்தூரி வழி. எம்.எஸ்ஸி. முடித்தவள், சென்னையில் ஒரு மின் ஆவணக் காப்பகத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்தாள். அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எல்லாந்தான் நைனா. பழவேற்காட்டுக் கல்லறைல டச்சுக்காரன் வெட்டன எழுத்து, கப்பல்காரங்க வரைஞ்ச மேப்பு, லைட்ஹவுஸ்ல எழுதி வெச்ச காத்துக் குறிப்பு, காய வெச்ச செடி, மீன் செதிலோட போட்டோ, புயல் படம், நம்ம ஊரு பெருசுங்க பேச்சு. எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும். இப்ப ஏரியோட சத்தம் கேக்கறாங்க."

"ஏரிக்கு இன்னா சத்தம்?"

"அத்தத்தான் புடிக்கணும்."

சத்தம் பிடிப்பதை ஒரு வேலை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று என் கவலை எனக்கு.

அவளுக்கோ வேறு கவலை. பூநாரைகள் மேயும் இடத்தில், மனிதக் குரலோ இன்ஜின் சத்தமோ கலக்காத ஒரு விடியற்காலையை முழுசாகப் பதிவு செய்து கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும். எங்கள் ஏரியில் அப்படிப்பட்ட விடியல் வருஷத்துக்கு ஒன்றுதான்: மாசி மகம். அன்று சாமி கடலாட வரும். ஊரே கடற்கரையில் நிற்கும். ஒரு படகும் தொழிலுக்கு இறங்காது. ஆகவே மகத்தன்று விடியலில் ஏரிக்குப் போகிறேன், பதிவுக் கருவியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளி உட்கார்ந்திருப்பேன் என்று முந்தைய நாள் சாப்பிடும்போது விளக்கமாகச் சொன்னாளாம். நான் 'உம்' கொட்டினேனாம். அப்போது நான் கைபேசியில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைப் பெரிதாக்கி, அவன் காது மடலைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருட்டு பிரியும் முன் அவள் பையோடு கிளம்பியதைப் பார்த்தேன். ஆனால் எங்கே என்று கேட்கவில்லை. தண்ணீருக்குக் கிளம்புகிறவர்களிடம் எங்கள் ஊரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவனில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் காற்று எழும்பியது. அவளுக்கு போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏரிக்கரைக்கு ஓடினேன். என் மச்சான் குமாரின் சின்னப் படகைக் காணோம். அவன் ஃபைபர் படகுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான்.

"பாப்பா எடுத்துக்கினு போச்சு மாமா. இன்னா இப்போ? உன்னவுட நல்லா கழி தள்ளும்."

"காத்தப் பாருடா! போன் வேற எடுக்கல!"

"மகத்தன்னிக்கு இன்ஜின் போட்டா ஊர்ல கேப்பாங்க மாமா."

"பொண்ணு போயிட்டா யாருடா கேப்பாங்க?"

அவன் முகம் மாறியது. சந்தனக் கையோடு படகைத் தள்ளினான். நானும் ஏறினேன். இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் ஏரிப் படகில் ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இன்ஜின் அலறியது. அதைவிடச் சத்தமாக நான் "பாப்பா! பாப்பா!" என்று அலறினேன்.

திட்டு ஒன்றைச் சுற்றியதும் அதைக் கண்டேன். தண்ணீருக்கு நடுவே ஒரு பழைய வலைக்கம்பு. அதன் உச்சியில் ரேவதியின் நீலத் துப்பட்டா. பக்கத்தில் படகும் இல்லை, அவளும் இல்லை.

அந்தத் துப்பட்டாவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். குமார் இன்ஜினை நிறுத்திவிட்டான். நான் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துப்பட்டாவிடம் முறையிட்டேன்.

"பாப்பா, எங்கம்மா போன? வந்துரும்மா! இனிமே கல்யாணப் பேச்ச எடுக்கவே மாட்டேன். உன் இஷ்டம்மா. சத்தம் புடி, இன்னா வேணா புடி!"

(காற்று இரையாமலிருக்கக் கருவியின் மேல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் நேராக மைக்கில் அழுதுகொண்டிருந்தேன்.)

அந்த நேரம் படகு நகர்ந்துவிட்டது. கால் படகில், கை கம்பில், நடுவில் நான். சில நொடிகள் பாலமாக இருந்தேன். பிறகு விழுந்தேன்.

"ஐயோ மச்சான், போறேன்டா! கஸ்தூரிகிட்ட சொல்லிடுறா!"

"மாமா, எழுந்து நில்லு."

நின்றேன்.

"எவ்ளோ இருக்குது தண்ணி?"

"...முட்டிதான்."

அப்போதுதான் குமார் கை காட்டிய பக்கம், தூரத்துத் திட்டின் கோரைப்புல் ஓரமாகச் சின்னப் படகு தெரிந்தது. அதில் என் மகள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தாள். காப்பாற்றச் சொல்லி அல்ல. வாயை மூடச் சொல்லி. நாங்கள் வந்ததிலிருந்தே வீசினாளாம். கண்ணாடியை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்; குமாரும் அதுவரை துப்பட்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் மொத்தமாக எழும்பி, வானத்தையே இளஞ்சிவப்பாக்கிவிட்டு ஆந்திரா பக்கம் போயின. கைகளைக் கீழே போட்டுவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி ஈர வேட்டியைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேயா! எனக்குத் தெரியாம எங்க போவா?"

மனைவியைக் கேட்பது என் திட்டத்தில் அன்று எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை.

ரேவதி பல நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். தாங்க முடியாமல் ஒரு நாள் விடுப்புப் போட்டு, அனுப்பம்பட்டில் ரயிலேறி அந்தக் காப்பகத்துக்கே போனேன். அங்கிருந்த மேடம் ஹெட்போனை மாட்டிப் பதிவைக் கேட்டார். முகம் கல்லாக இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

"தப்பு என்னுதும்மா. அத அழிச்சிட்டு, அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்க" என்றேன்.

"அழிக்க மாட்டோம் சார். அன்னைக்கு ஏரியில என்ன கேட்டுச்சோ அதான் பதிவு. பூநாரைக் கூட்டம் பயந்து எழும்புற சத்தம் இவ்வளவு கிட்டத்துல எங்ககிட்ட இல்லவே இல்ல. ஆனா ரேவதி கொடுக்க வேண்டியது இது இல்லையே. அடுத்த மாசி மகம் வரைக்கும் தற்காலிகமாவே இருக்கட்டும்."

ஒரு வருஷம். என் மகளுடைய ஒரு வருஷத்தை நான் முட்டித் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

அடுத்த மகத்தன்று கஸ்தூரி என் போனைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, என்னைக் கடற்கரையில் சாமிக்கு எதிரிலேயே நிறுத்தி வைத்தாள். ரேவதி வெயில் ஏறியபின் சிரித்துக்கொண்டே வந்தாள். வேலை நிரந்தரமாயிற்று.

பழைய பதிவும் அங்கேயே இருக்கிறது. டச்சுக் கல்லறைக்கும் காற்றுக் குறிப்புக்கும் இருக்கும் அதே மரியாதையோடு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குறிப்பில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: 'பூநாரைகள், விடியல். இடையே படகு இன்ஜின்; ஓர் ஆண் குரல், மிகுந்த பதற்றத்துடன்; கனமான பொருள் நீரில் விழும் ஓசை.' கனமான பொருள்! நான் எப்போதாவது "அந்த மீஞ்சூர்ப் பையன் நல்ல எடமாம்..." என்று ஆரம்பித்தால், கஸ்தூரி போனைத் தட்டுவாள். "கல்யாணப் பேச்ச எடுக்கவே மாட்டேன்" என்று என் குரலே எனக்குப் பதில் சொல்லும். பின்னாலேயே பூநாரைகள் கத்தும்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் 'கவலைப்படாதே' என்று சொல்வதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால், ரயிலைத் தவறவிட்டால், எதற்கும் ஒரே பதில்தான்: "முட்டிதான்."

போன வாரம் ரேவதி தண்ணீருக்கடியில் சத்தம் பிடிக்கும் கருவியோடு குமாரின் படகில் கடலுக்குப் போனாள். முந்தைய நாளே இரண்டு தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனாள். முகத்துவாரம் தாண்டியதும் போன் செய்தாள்.

"தண்ணி எவ்ளோ பாப்பா?"

"முட்டிதான் நைனா."

சரிம்மா என்று வைத்தேன்.

"இன்னா சொன்னா?" என்றாள் கஸ்தூரி, மீன் கழுவியபடி.

"முட்டிதானாம்."

அவள் சிரித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து கடலைப் பார்த்து நின்றாள்.