உபவாசப் பிரியாணியும் அண்டா அக்காவும்

ஏழைகளுக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்து ஜெபித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு சிக்கன் பிரியாணி சாப்பிடுவது சரியா, தப்பா? நான்கு மாதமாக யோசிக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் எங்கள் அண்டா அக்காதான். அதையும் அவர் வாயால் கேட்கவில்லை. பிரியாணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் சபையில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அண்டா அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை. ஷிஃப்டுக்கு நானூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, அந்த நானூறு பேரையும் வரிசையில் நிற்கவைத்துப் பழகிய தொண்டை. சபையில் என்ன விசேஷமானாலும் அடுப்படி அவருடையது. சொந்தமாக ஓர் அண்டா வைத்திருக்கிறார். அதற்குள் என் மகள் ஒளிந்துகொண்டால் சாயங்காலம் வரை தேட வேண்டியிருக்கும். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, போதகர் ஐயாவே அறிவிப்பு நேரத்தில் "சமையல் விஷயமாக அண்டா அக்காவைப் பார்க்கவும்" என்றுதான் சொல்வார்.

நான் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர். மூன்று வயதுக் குழந்தைக்குத் தாயானாலும் எங்கள் சபையில் முப்பத்தைந்து வரைக்கும் வாலிபம்தான். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் நோட்டீஸ், கடிதம், ஆண்டறிக்கை எல்லாம் என் தலையில். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை 'ஏழை எளியோருக்கான உபவாச ஜெபம்' என்று நோட்டீஸ் அடித்தேன். கீழே பொடி எழுத்தில் 'மதிய உணவு உண்டு' என்றும் சேர்த்தேன். அதைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன். நாற்பது பேர் வந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டை, கிராம்பு வாசனை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. அதுவரை நிதானமாகப் போன ஜெபத்துக்கு ஓர் அவசரம் வந்துவிட்டது. கிட்டார் வாசிக்கும் பையன் கடைசி ஆமென் சொன்ன வேகத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

வெளியே வந்து பார்த்தால் அடுப்பு இருக்கிறது, அண்டா இல்லை. வாசலில் ஒரு குட்டி லாரி நிற்கிறது. அதன்மேல் அண்டா. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு அக்கா.

"அக்கா, இன்னாக்கா இது? சாப்பாடு?" என்றான் கிட்டார்.

"இன்னா சாப்பாடு? உபவாசம்னு போர்டு மாட்டிக்கினு குந்திக்கினு இருந்தீங்க?"

"அது முடிஞ்சிருச்சுக்கா."

"உனக்கு முடிஞ்சிச்சு. சூளையில கீறவனுக்கு எப்படா முடிஞ்சிச்சு? பசிக்குதுன்றவன் பின்னாடி வா."

லாரி கிளம்பிவிட்டது. மிஷனரிகள் கடல் தாண்டிப் போனார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்கள் ஊத்துக்கோட்டை ரோட்டில் பதினேழு பைக்கில் ஓர் அண்டாவைத் துரத்திக்கொண்டு போனோம். 'வாலிபர்கள் ஏழைகளைத் தேடிப் புறப்பட்ட நாள்' என்று ஆண்டறிக்கையில் நான் எழுதியது சுத்தப் பொய். நாங்கள் தேடிப் போனது பிரியாணியை.

அது ஒரு செங்கல் சூளை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஆளுயரம்கூட இல்லாத குடிசைகளில் இருந்தன. நாங்கள் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா பரிமாற ஆரம்பித்துவிட்டார். அவர்களுக்கு வைத்த பிறகுதான் எங்களுக்கு. அதுவும் எங்களுக்குள் கூட்டமாக உட்கார்ந்தால் தட்டைப் பிடுங்கினார். அந்தக் குடும்பங்களுக்கு நடுவே உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டுச் சொன்னால்தான் இரண்டாவது கரண்டி.

ஒரு தம்பி குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து செல்ஃபி எடுத்தான். அக்கா அந்த போனை வாங்கினார், தயிர்ப்பச்சடியில் போட்டார், "ஊட்டுக்குப் போயி அரிசியில பொதைச்சு வையி, காயும்" என்று வைத்தியமும் சொன்னார். ஒரு தங்கச்சி கண்ணீரோடு வந்து, "அக்கா, இவங்கள நெனச்சா எனக்கு ரொம்ப பாரமா இருக்குக்கா" என்றாள்.

"பாரமா? அப்ப லாரியில ஒரு அரிசி மூட்ட கீது பாரு, அத்த எறக்கு."

அப்புறம் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே கேள்வி கேட்டார். "இன்னா வேல தெரியும் உனக்கு?" நர்சிங் படித்தவள் குழந்தைகளை எடை போட வேண்டும். பைக் வைத்திருப்பவன் வாராவாரம் அவர்களை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போக வேண்டும். "ரீல்ஸ் போடத் தெரியும்" என்றவன் பாத்திரம் கழுவினான். என் முறை வந்தது. "நீ இன்னா செக்ரட்டரி, எழுதுவியா? அப்ப எழுது."

எதை எழுதுவது என்பதை அந்தச் சூளைதான் காட்டியது. அடுத்த வாரம் என் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன் ஒன்றை எடுத்துப் போனேன். இரண்டு வயதில் போட்டது. அங்கே நான்கு வயதுப் பெண் ஒருத்திக்குப் போட்டுவிட்டேன். தொளதொளவென்று தோளிலிருந்து நழுவியது. வீட்டுக்கு வந்து என் மகள் பருப்புச் சோற்றைத் துப்பியபோது அவளை அடித்துவிட்டேன். அவள் என்ன செய்தாள், பாவம்.

வெளியூர்க் குழந்தைகள், பெயர் பதிவில்லை, அதனால் சத்துமாவு இல்லை என்றார்கள் அங்கன்வாடியில். நான் மூன்று பக்கம் மனு எழுதினேன். அக்கா அந்த மனுவை நம்பவில்லை. காலி அண்டாவைக் குழந்தைகள் நல அலுவலக வாசலில் இறக்கி, பதினாலு குழந்தைகளைத் தட்டோடு வரிசையில் உட்காரவைத்துவிட்டார்.

அதிகாரி வெளியே ஓடி வந்தார். "என்னம்மா இதெல்லாம்?"

"சோறு போடற எடம்னு சொன்னாங்க சார். உங்களுக்குப் பேஜாரு வேணாம்னு அண்டாவ நாங்களே எடுத்தாந்துட்டோம்."

ஒரே வாரத்தில் சத்துமாவு வந்தது. அதோடு விஷயம் என்ன ஏதென்று பார்க்க இரண்டு அதிகாரிகள் சூளைக்கும் வந்தார்கள். அங்கேதான் வினை.

எங்கள் சபைக்குப் புது மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு அத்தனை செங்கல்லும் இலவசமாகத் தருபவர் அந்தச் சூளையின் முதலாளி. அவர் சபைக் கமிட்டிக்குப் போன் செய்தார். "ஊழியம் பண்ணுங்க, யாரு வேணாம்னாங்க? ஆனா ஆபீசருங்கள கூட்டியாந்தா கல்லு வராது." அவ்வளவுதான். இத்தனை வருடமாக எதற்கும் ஒத்துப்போகாத கமிட்டி, பத்தே நிமிடத்தில் ஒருமனப்பட்டுவிட்டது.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். பக்கத்தில் இன்னொரு தாள். அது மிஷன் பள்ளியில் என் மகளின் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக நான் சபையிடம் கேட்டிருந்த சிபாரிசுக் கடிதம். இன்னும் கையெழுத்தாகவில்லை.

"பாப்பாவுக்கு ஜூன்ல போட்டுரலாம்மா. நீ அந்த அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிடு. மனசு நோகாம, நைசா. உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

நான் எழுதினேன். 'சபையின் ஒருமைப்பாட்டைக் கருத்தில் கொண்டு, தங்களை வாலிபர் ஊழியத்திலிருந்து அன்போடு விடுவிக்கிறோம்.' 'அன்போடு' என்ற சொல்லை யாரும் போடச் சொல்லவில்லை. நானே போட்டேன். இன்றைக்கும் எனக்குக் கமிட்டியைவிட அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஆத்திரம்.

கேன்டீனின் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவின் கையெல்லாம் மாவு. "கண்ணாடி ஊட்ல கீது. நீயே படி செக்ரட்டரி" என்றார். நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதிக்கிற. அந்த மனுவையும் இப்டிதான் நல்லா எழுதுன." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே மூஞ்சி இப்டி வாடிக் கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?"

ஒரு தட்டில் உப்புமா வைத்துக் கொடுத்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து வாலிபர்கள் யாரும் சூளைப்பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. கூட்டிப்போக ஆளில்லாததால் குழந்தைகளுக்குச் சத்துமாவும் நின்றுவிட்டது. அக்கா மட்டும் வார விடுமுறையில் போகிறார். ஷேர் ஆட்டோவில் அண்டாவை ஏற்ற மாட்டேன் என்கிறார்களாம். அதனால் இரண்டு தூக்குவாளி. பதினாலு குழந்தைக்கு இரண்டு வாளி எந்த மூலைக்கு?

புது மண்டபத்தின் திறப்பு நிகழ்ச்சி என்ன தெரியுமா? 'வறுமை ஒழிப்பில் கிறிஸ்தவ வாலிபரின் பங்கு' என்று ஒருநாள் கருத்தரங்கு. மேடை, பேச்சாளர், பெரிய திரை, மதிய உணவு உண்டு. நோட்டீஸ் எழுத வேண்டியது நான். அந்தச் சுவரில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் இதை அறுத்தது எந்தக் குழந்தையின் அம்மாவோ என்றுதான் தோன்றுகிறது. எனக்கு ஜெபம் வருவதில்லை. பற்களைத்தான் கடிக்க வருகிறது.

போன வாரம் கிட்டார் தம்பி வீட்டுக்கு வந்தான். "அக்கா, எங்க நாப்பது பேருக்கும் கருத்தரங்கு வேணாம். சூளைக்குப் போவணும். மாசக் கடைசி சபைக்கூட்டத்துல நீங்க எழுந்து, 'நான் எழுதின லெட்டர் தப்பு'ன்னு சொல்லுங்க. நீங்க எழுந்தா நாங்களும் எழுந்திருப்போம். எழுதுனவங்க நீங்க, நாங்க எப்டி சொல்றது?"

என் கணவர், "ஜூன் வரைக்கும் பொறு. அட்மிஷன் முடியட்டும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஜூனில் மழை வந்தால் சூளை நின்றுவிடும், அந்தக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். நான்கு வயதில் என் மகளின் இரண்டு வயது கவுன் தொளதொளத்தவள் அப்படியே ரயில் ஏறிவிடுவாள்.

அக்காவிடமே போய்க் கேட்டேன். "நீ இன்னாத்துக்கு எழுந்து நிக்கற? உம் பொண்ணு பள்ளிக்கூடம் போவட்டும். அதுவும் கொயந்ததானே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். சபையில் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டும் மனுஷி, திட்டு வாங்க வேண்டிய என்னை மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

வாசகர்களே, மாதக் கடைசியில் நான் எழுந்து நிற்கட்டுமா, ஜூன் வரைக்கும் உட்கார்ந்திருக்கட்டுமா? உங்கள் யோசனையை எழுதுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்த அம்மாக்கள் எழுதினால் இன்னும் நல்லது. தயவுசெய்து மழைக்கு முன்பாக எழுதுங்கள்.